காலை ஷிப்டுக்கு ஆறு அட்டைகள்

துளையிடும் மிஷினுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அட்டையில் ஓட்டை விழும்போது வெட்டுப்படும் காகிதத் துணுக்குகள் அதில் சேரும். அதைக் கொட்டுவது பெருக்க வரும் குப்பம்மாவின் வேலைதான். ஒருமுறை அவள் குழாயடியில் கொட்டி சாக்கடை அடைத்துக்கொண்டதிலிருந்து ஐரீனே கொட்டினாள். காலை எட்டரைக்கு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய பேப்பரில் கவிழ்த்து, நாலாக மடித்து எடுத்துப் போவாள்.

திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் மிஷின் ரூமில், அட்டை அடிக்கும் வேலையில் அவளுக்கு அது ஒன்பதாவது வருஷம். வயது நாற்பத்து மூன்று. ராயபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தாள். தங்கை ரோசி சில ஞாயிறுகளில் பூசை முடிந்து வருவாள். "தனியா இன்னாக்கா பண்ற, எங்கூட வந்து இரேன்" என்பாள். ஐரீன் பதிலை யோசித்து முடிப்பதற்குள் ரோசிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

மிஷின் ரூமில் இருந்த கம்ப்யூட்டரிடம் ஒரு வரியில் ஒரு வேலைதான் சொல்ல முடியும். இந்த எண்ணை எடு. அந்த எண்ணோடு ஒப்பிடு. இரண்டும் ஒன்றானால் அங்கே தாவு. வரிக்கு ஓர் அட்டை. அட்டையின் கடைசியில் குறிப்புக்கு என்று கொஞ்சம் இடம் உண்டு. அதை மிஷின் படிக்காது, பின்னால் வருகிற மனிதர்களுக்காக எழுதுவது. அடித்து அடித்தே ஐரீனுக்கு அந்த வரிகள் படிக்க வந்துவிட்டன.

வாரா வாரம் ஷிப்டுப் பட்டியல் போடும் புரோகிராமை எழுதியவர் அருள்பிரகாசம். ஒவ்வொரு தொழிலாளியின் ஷிப்டு எண்ணோடும் ஒன்றைக் கூட்டும்; மூன்றைத் தாண்டினால் திரும்ப ஒன்று. அறுபத்தேழில் ஒருநாள் அவர் பென்சிலால் ஆறு வரி எழுதிக் கொண்டுவந்தார். தொழிலாளியின் டிக்கெட் எண் 2173 என்றால் கூட்டாதே, தாண்டிப் போ.

"இது யாரு சார்?"

"பெயிண்ட் ஷாப்பு ஆளும்மா. பொண்டாட்டிக்குப் பொழுது சாஞ்சா வலிப்பு வருதாம். வீட்டுல வேற ஆள் இல்ல. ஷிப்ட மாத்தக் கேட்டா டைம் ஆபீஸ்ல நூறு கேள்வி கேப்பான். நீ அடி, மிஷின் கேள்வி கேக்காது."

குறிப்பு இடத்தைக் காலியாக விடச் சொன்னார். அடுத்த வருஷம் கனடாவுக்குப் போய்விட்டார்.

2173-ஐ ஐரீன் பார்த்ததில்லை. ஆனால் சாயங்காலம் ஸ்டவ்வைப் பற்ற வைக்கும்போது, இந்நேரம் அந்த ஆள் வீட்டில் இருப்பார் என்று தோன்றும். அவர் மனைவிக்கு மனதில் ஒரு முகம்கூட வைத்துவிட்டாள், மூக்குத்தியோடு. ஏழு வருஷமாக அவள் சாப்பாட்டு நேரத்தில் அந்த இரண்டு பேர் இருந்தார்கள்.

எழுபத்து நாலில் புது கம்ப்யூட்டர் வருவதாக ஏற்பாடாயிற்று. பழைய புரோகிராம்களை பம்பாயில் வேறு கம்ப்யூட்டர் பாஷையில் எழுதப் போகிறார்கள். புதிதாக வந்த அதிகாரி வரதன், "எல்லா வரிக்கும் எதுக்குன்னு குறிப்பு எழுதுங்க மேடம். குறிப்பு இல்லாத வரி புது மிஷினுக்குப் போகாது" என்றார்.

ஐரீன் ஆறு வரிக்கும் நேராக எழுதினாள்: ஊழியரின் மனைவி நோயாளி, காலை ஷிப்டு மட்டும், நீக்கக் கூடாது. யாரையும் கேட்கவில்லை. அட்டைக் கட்டு பம்பாய்க்குப் போன மறுவாரம், சொல்லிவிட்டு வரலாம் என்று 2173-இன் பேரை விசாரித்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனாள். கடைசி பெஞ்சில் காக்கிச் சட்டையில் ஒருவர் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வேலப்பன் நீங்கதானே? மிஷின் ரூம்லேர்ந்து வரேன். உங்க காலை ஷிப்ட புது மிஷின்லயும் யாரும் தொட முடியாது. நானே எழுதி வச்சுட்டேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீயாம்மா அது?"

"ஆமாங்க."

"சொக்கம்மா போயி நாலு வருசம் ஆவுது."

ஐரீன் எதிர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மத்தவன்லாம் செட்டு செட்டா மாறிகினு போறான். ஒண்ணா வரானுங்க, ஒண்ணா போறானுங்க, ஒருத்தன் வூட்டுக் கல்யாணத்துல ஒருத்தன் பந்தி போடுறான். நான் எந்த செட்டுலயும் இல்ல. வாரத்துக்கு ஒரு கும்பல் மூஞ்சி. மூணு மணிக்கு வூட்டாண்ட போயி செவுத்த பாத்துகினு குந்திகினு கீறேன்."

"டைம் ஆபீஸ்ல சொல்லலியா?"

"சொன்னேனே. மிஷின் போடுது, நாங்க இன்னா பண்றதுன்றான். ஊரே காலை ஷிப்டு கேக்குது, நீ வேணான்ற, கெறுக்கான்னான்." டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். "புது மிஷின் வருதுன்னாங்க. அதுவாவது என்ன மறந்துடும்னு இருந்தேன்."

அன்று மாலையே அவள் வரதனிடம் சொல்லி, அந்த ஆறு வரியையும் எடுத்துவிடக் கேட்டாள்.

"எழுதறதுக்கு முன்னால அவரைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"இப்ப எடுக்கணும்னா அவரே எழுதிக் குடுக்கணும், மனைவி இறந்த தேதியோட. நாலு வருஷமா ஏன் மறைச்சேன்னு மெமோ வரும். முன்னாடி யாருக்கும் தெரியாது, இப்ப உங்க குறிப்புல இருக்கே. விட்டுடுங்க மேடம். காலை ஷிப்டுதானே, என்ன கஷ்டம்?"

இரண்டு நாள் கழித்து, ஷிப்டு முடிந்து, தன் நம்பரை எடுக்க முடியுமா என்று கேட்க வேலப்பன் வந்தார். பெயிண்ட் படிந்த ஷூவை வெளியே கழற்றிவிட்டு, ஏ.சி. குளிரடிக்கும் மிஷின் ரூமுக்குள் காலைக் கூசிக் கூசி வைத்தார். வரதன் ஸீட்டில் இல்லை. ஐரீன் கடிதம், தேதி, மெமோ எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"ரிட்டயராவ இன்னும் ஒம்போது வருசம் கீது. இப்ப போயி எங்க மெமோ வாங்குறது."

அடித்துக்கொண்டிருந்த அட்டை பாதியில் நின்றிருந்தது. அவள் விசைகளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏழு வருசம் என் நம்பர வச்சிகினு இருந்த. பெயிண்ட் ஷாப்பு எதிர்லதான் கீது. ஒரு தபா வந்து, பொண்டாட்டி எப்டிகீதுன்னு கேக்கணும்னு தோணலியாம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு கதவு அடித்துக்கொள்ளாமல் கையால் பிடித்துச் சாத்திவிட்டு வெளியே போனார்.