நான் அவிழ்த்த மணி

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கிய நாளில், அடி அண்ணாமலையில் எங்கள் கிணற்றுக்குள் அப்பா தூர் வாரிக்கொண்டிருந்தார். மேலே சித்தப்பா மாடுகளை ஓட்டினார். மாடுகள் முன்னே போனால் சேற்றோடு இரும்புச் சால் மேலே வரும். பின்னே வந்தால் வெறும் சால் கீழே இறங்கும். மாட்டுக் கழுத்து மணி ஓயாமல் அடித்ததில் எனக்குக் கணக்கே ஓடவில்லை. ஆத்திரத்தோடு போய் மணியை அவிழ்த்தேன்.

“பாப்பா, அண்ணன் கீழ இருக்காரு, அந்த மணி...”

“உங்களுக்கு இன்னா தெரியும்? பரீட்சை எழுதப் போறது நீங்களா?”

பிறகு சித்தப்பா, சால் இறங்கும்போதெல்லாம் அப்பாவுக்குக் குரல் கொடுத்தார். அந்தக் கத்தலுக்கும் எரிந்து விழுந்தேன்.

ஒரு தடவை அவர் குரல் கொடுப்பதற்குள் மாடுகள் பின்வாங்கிவிட்டன. கிணற்றுக்குள் அப்பா அலறினார். மாடுகள் பின்னே வரும் மணிச்சத்தம் கேட்டுத்தான் அவர் சுவரோரம் ஒதுங்குவாராம். சால் அவர் தோளில் விழுந்திருந்தது.

மேலே தூக்கியபோது அவர் கை தொங்கியது. நான் சித்தப்பா மேல் பாய்ந்தேன். “தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொல்ல உட்டியா நீ?” என்றார்.

மணி என் கையில்தான் இருந்தது.

கணக்கில் நல்ல மார்க் வாங்கினேன். அதை யாராவது பாராட்டினால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அது சித்தப்பா மேல் இல்லை.