சாவிக்காரியின் கல்வெட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பல்வலிக்காரர்கள் வருவதில்லை. சரித்திர நாவல் எழுதுகிறவர்கள் வருவார்கள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில், சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, அவரவர் எழுதிக்கொண்டிருக்கும் நாவலிலிருந்து ஆளுக்கு ஓர் அத்தியாயம் வாசிப்பார்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். ரசிக்கிறார்களா, தூங்குகிறார்களா என்று கேட்பது நாகரிகம் இல்லை.

இந்த வட்டத்துக்குத் தலைவர், மின்சார அலுவலகத்தில் மீட்டர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஏழு பாகங்களில் ஒரு நாவல் எழுதியவர் என்பதால் அவருக்குப் பேரரசர் என்று பெயர். அந்த ஏழு பாகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தூரத்தில் ஒரு குதிரை வந்துகொண்டிருக்கும். குதிரையில் வருகிறவன் யார் என்று தெரிந்துகொள்ள அடுத்த பாகத்தை வாங்க வேண்டும். அடுத்து ஒரு தலைமையாசிரியை. அவருடைய இளவரசிகள் எதற்கெடுத்தாலும் மயங்கி விழுவார்கள். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி விழ வைத்துப் பழகிய கை அது. இடத்தைக் கொடுத்த பல் டாக்டரும் எழுதுவார். அவர் கோட்டைகளில் சுவரைவிடச் சுரங்கப்பாதை அதிகம். தொழில் புத்தி, எங்கே கண்டாலும் குடைந்துவிடுவார்.

கூட்டம் தொடங்கும்போதெல்லாம் பேரரசர் தொண்டையைச் செருமிக்கொண்டு வட்டத்தின் ஒரே விதியைச் சொல்வார். "வரலாறு எல்லாருக்கும் பொது. கற்பனை அவரவர் சொத்து." அதாவது, கல்வெட்டிலோ செப்பேட்டிலோ இருக்கும் ஆளை யார் வேண்டுமானாலும் நாவலில் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தானாகக் கற்பனை செய்த ஆளை மற்றவர் தொடக்கூடாது. திருட்டுக்குப் பயந்து போட்ட விதி. திருடத் தெரிந்தவர்கள் கூடும் இடத்தில்தான் இப்படி ஒரு விதி தேவைப்படும்.

நான்காவது ஆளுக்கு ஆதாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் எதை வாசித்தாலும் "இதுக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்பார். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரிக்கிற வேலை. நசுங்கிய வண்டிகளையும் நசுங்காத பொய்களையும் பார்த்தே தலை நரைத்தவர். நாய் குறுக்கே வந்தது என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால், மறுநாளே சாட்சிகள் வந்து நிற்பார்கள். ஒருவன் நாயின் நிறம் சொல்வான், ஒருவன் அதன் கழுத்துப் பட்டையைச் சொல்வான். இல்லாத நாய்க்குத்தான் சாட்சி அதிகம், உண்மையான நாயை எவனும் கவனித்திருக்க மாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அலுவலகத்தில் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். தன்னைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் கதை விடுகிறவர்கள் என்ற நினைப்பு அவருக்கு நன்றாகவே ஊறியிருந்தது.

வீட்டில் அவரும் அக்காவும்தான். அம்மா போன பிறகு அவரைப் படிக்க வைத்தது அக்காவின் தையல் மிஷின். அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. ஓர் அடி அழுத்தி வைப்பாள், அடுத்த அடி தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். அந்தச் சத்தம் சமையலறைப் பக்கம் போனால் அவருக்குப் பசிக்கும், வாசல் பக்கம் போய்த் தாழ்ப்பாள் விழுந்தால் தூக்கம் வரும். ஐம்பதைத் தாண்டியும் அப்படித்தான்.

அந்தச் சத்தத்திலிருந்துதான் அவர் நாவல் பிறந்தது. ஒரு கோட்டை, அதன் சாவிகளையெல்லாம் இடுப்பில் செருகிய ஒரு சாவிக்காரி. கால் ஊனம். இரவில் மதில்மேல் அவள் நடக்கும் சத்தம் கேட்டால், கதவுகள் பூட்டியாயிற்று என்று ஊர் தூங்கும். முற்றுகையின் கடைசி இரவில் ஜனங்கள் எல்லோரும் பின்வாசல் வழியாகத் தப்புகிறார்கள். அவள் மட்டும் விடியும்வரை மதில்மேல் நடக்கிறாள். அழுத்தி ஓர் அடி, தேய்த்து ஓர் அடி. வெளியே இருக்கும் எதிரி, உள்ளே எல்லோரும் இருக்கிறார்கள் என்று நம்பிக் காத்திருக்கிறான்.

எழுதிய பக்கத்தை அன்றன்றைக்கே அக்காவுக்கு வாசித்துக் காட்டுவார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். புகழ்வதெல்லாம் கிடையாது.

"படியில எப்படி ஏத்தியிருக்க அவளை? கெட்ட காலை முதல்ல வச்சா விழுந்துடுவா. நல்ல காலை வச்சுட்டு, இதை இழுத்துக்கணும்."

"மாத்திடறேன்க்கா."

"புக்கு எப்பதான் வரும்?"

"வந்தா முதல் புக்கு உனக்குத்தான்."

"சும்மா வேணாம். நானே கடைக்குப் போய் வாங்குவேன். எந்தக் கடையில நொண்டியைப் பத்தி புக்கு விக்கறாங்கன்னு பார்க்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் வாரம் ஒருமுறை கேட்டுவிடுவாள். அந்தப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும், வாழ்க்கையில் ஒரு காரியம் உருப்படியாகச் செய்ததாக ஆகிவிடும் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பில் மட்டும் பொய் இல்லை.

சாவிக்காரி மதில்மேல் நடக்கும் அத்தியாயத்தை அவர் வட்டத்தில் வாசித்த அன்று, யாரும் கண்ணை மூடவில்லை. முடித்தபோது தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல் டாக்டர் பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்திருந்தார். பேரரசரின் முகம் மட்டும் புளித்தது. ஏழு பாகம் எழுதியும் ஒரு பிஸ்கெட்டைக்கூட அவரால் நிறுத்த முடிந்ததில்லை. எத்தனையோ நாள் கணக்கைத் தீர்த்துக்கொள்ள அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

"எல்லாம் சரி தம்பி. இதுக்கு ஆதாரம் எங்கே?"

எல்லோரும் நமுட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். ஆதாரத்துக்குக் காது சூடாகிவிட்டது. உண்மையான பதில் வீட்டில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தது. அதைப் போய் இவர்களிடம் சொல்வதா? கற்பனை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விதிப்படி சாவிக்காரி அவருடைய சொத்தாக இருந்திருப்பாள். அதற்கும் மனம் வரவில்லை. காலமெல்லாம் மற்றவர்களை ஆதாரம் கேட்டவன் தன்னிடம் ஆதாரம் இல்லை என்பானா?

"கல்வெட்டு இருக்கு" என்றார்.

"எங்கே?"

"வடக்கே ஒரு இடிஞ்ச கோட்டையில. உடைஞ்ச தூண். பாதி தேய்ஞ்சுபோச்சு. நான் படிச்சேன்."

பொய் என்றால் அப்படி ஒரு சரளமான பொய். வேலையில் கேட்டுக் கேட்டு, பாதி தேய்ந்தது என்று சொன்னால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள் என்பதுவரை கற்றிருந்தார். மூவரும் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெற்றி பெற்ற தளபதி மாதிரி நடந்து வந்தார்.

தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைக்க ஒரு வருஷம் ஆயிற்று. பேரரசரின் எட்டாம் பாகம் வந்தது. அட்டையிலேயே சாவிக்காரி. வில்லைப் போலப் புருவம், அன்னம்போல நடை. இளவரசனைக் காதலித்து, அவனுக்காக மதில்மேல் நடனம் ஆடுகிறாள். ஆடினால் எதிரி ஏன் ஏமாற வேண்டும் என்பதைப் பேரரசர் சொல்லவில்லை. தூரத்தில் ஒரு குதிரை மட்டும் வந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியையின் நாவலில் அவள் மயங்கி விழுந்தாள். டாக்டரின் சுரங்கத்துக்குள் விளக்குப் பிடித்துக்கொண்டு போனாள். மூவரில் ஒருவருக்கும் குற்ற உணர்ச்சி இல்லை. ஏன் இருக்க வேண்டும்? கல்வெட்டில் இருப்பவள்தானே, எல்லோருக்கும் பொது.

ஆதாரத்தின் நாவலைப் பதிப்பாளர் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தச் சாவிக்காரி கதை ஏற்கனவே வந்தாச்சு சார். அதுவும் நீங்க அவளை நொண்டின்னு எழுதியிருக்கீங்க. பேரரசர் புக்கு கடைசியில கல்வெட்டு முழுசா போட்டிருக்கார், அதுல அப்படி ஒண்ணும் இல்லையே. ஆதாரம் இல்லாம எழுதினா வாசகர்கள் ஒத்துக்க மாட்டாங்க."

அவருடைய வாய்ச்சொல்லையே எடுத்து அவர் தலையில் போட்டார்கள். அவர் கல்வெட்டு என்று ஒரு தூணைத்தான் நட்டார், அதில் எழுத்துகளைப் பேரரசர் செதுக்கிவிட்டார்.

அக்காவுக்கு விஷயம் வேறு வழியாகத் தெரிந்தது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண் ஒருத்தி பையில் எட்டாம் பாகத்தை வைத்திருந்தாள். அக்கா அதை இரவல் வாங்கி இரண்டு நாளில் படித்து முடித்தாள். அவர் வேலையிலிருந்து வந்தபோது புத்தகம் மிஷின் பலகைமேல் இருந்தது.

"உன் சாவிக்காரி இவதானே?"

"ஆமாக்கா."

"இதுல நான் எங்கடா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வட்டத்துக்குப் போய், உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "சாவிக்காரி என் கற்பனை. கல்வெட்டும் கிடையாது, தூணும் கிடையாது. நான் சொன்னது பொய். அவளைத் திருப்பிக் குடுங்க."

தலை குனிந்து சொல்ல வேண்டியதை நிமிர்ந்து சொன்னார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான். அதற்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். பல் டாக்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க" என்றார் பேரரசர். "நான் நேர்ல போய்ப் பார்த்தேனே."

"எதை?"

"அந்தத் தூணை. கையால தடவிப் பார்த்தேன். கறுப்புக் கல்லு."

"கறுப்பில்லை, கொஞ்சம் சிவப்பு கலந்தது" என்றார் டாக்டர். "அடியில ஒரு விரிசல் இருக்கும்."

"பக்கத்துல ஒரு புளியமரம்கூட இருக்கு" என்றார் தலைமையாசிரியை. "எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைச் சுற்றுலா கூட்டிட்டுப் போனேன்."

இல்லாத நாய் மூன்று பேர் நடுவில் நின்று வாலை ஆட்டியது. விசாரணை செய்து பழகிய மனிதருக்கு அங்கே கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. ஆதாரம் எங்கே என்று கேட்கலாம்தான். ஆதாரமே அவர்தானே. பேரரசர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பொறாமை வேணாம் தம்பி. வரலாறு எல்லாருக்கும் பொது." பிறகு ஒன்பதாம் பாகத்தை வாசிக்க ஆரம்பித்தார். கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வீட்டில் அக்கா பள்ளிச் சீருடையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கல்வெட்டுப் பொய்யையும் சேர்த்துத்தான். புளியமரம் வந்த இடத்தில் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அவங்க முதல்ல கேட்டப்போ, எங்க அக்காவைப் பார்த்து எழுதினேன்னு சொல்லியிருக்கலாமே."

அவர் கீழே கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"வெக்கமா இருந்துச்சா?"

மூன்று திருடர்களையும் ஒரு பதிப்பாளரையும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தவருக்கு, திட்டவேண்டிய ஆள் யார் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குப் பொய் சொல்ல ஒரு கல்வெட்டு கிடைத்தது. இப்போது நாக்கில் வந்தது ஒரே ஓர் உண்மை.

"ஆமாக்கா" என்றார்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். கோபமாக இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"சரி விடு. அந்த ஆளு புக்குலயாவது நான் நல்லா நடக்கறேன்."

இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஓர் அடி அழுத்தி, ஓர் அடி தேய்த்து, வாசல் படியருகே போனாள். நல்ல காலைத்தான் முதலில் வைப்பாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கெட்ட காலை இறக்கிவிட்டுப் பிறகு நல்ல காலை வைத்தாள். இறங்கும்போது முறை மாறும் என்பது அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.