கத்திரி வெயிலும் எங்கள் தகர வண்டியும்

"கத்திரி முடியுறதுக்குள்ள அவளே வந்துருவா. தகர டப்பாக்குள்ள எம்புட்டு நாளைக்கு வெந்துகிட்டு கெடப்பா?"

இது என்னைப் பெற்ற அய்யா சொன்னது. சின்னம்மா திருநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, ஒரு சொல் குறையாமல் என்னிடம் ஒப்பித்தாள். அவர் போட்ட நிபந்தனையையும் சேர்த்துச் சொன்னாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஆனால் நான் மட்டும் வரவேண்டும், அந்த வாத்தி வாசப்படி மிதிக்கக் கூடாது.

'வந்தா ரெண்டு பேரும்தான்' என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அப்போது ஏழு மாதம்.

அந்த வாத்தி என் கணவர். மிஷன் பள்ளியில் சயின்ஸ் எடுத்தார். அவர் வேதக்காரர், நான் உசிலம்பட்டிப் பக்கத்தில் காடு கழனி பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். பிறகு பழங்காநத்தத்திலும் வில்லாபுரத்திலும் வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தோம். "நீங்க என்ன ஆளுக?" என்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் சாவி சட்டைப் பைக்குள் போய்விடும். சீ, உங்கள் வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு. ஊர் ஊராக மருந்து கொடுக்கப் போய்வந்த பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தது. உள்ளே இரண்டு பக்கமும் நோயாளி படுக்கிற பலகை. அதை வாங்கி, திருநகரில் என் கணவரின் சிநேகிதருடைய காலி மனையில் நிறுத்திக் குடி போனோம்.

பங்குனி வரைக்கும் ராணி மாதிரிதான் இருந்தேன். சித்திரை பிறந்ததும் தகரம் தன் புத்தியைக் காட்டியது. பகலில் வேப்பமரத்து நிழலில் கிடந்து சமாளித்துவிடலாம். ராத்திரிதான் பாடு, வயிற்றுப் பிள்ளையோடு வெட்டவெளியில் படுக்க முடியாது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தகரம் விடிய விடியக் கக்கும்.

"ஏசி தியேட்டர்ல படம் பாத்தோம்ல, அந்தக் குளிர் வேணும். ராத்திரி முழுக்க வேணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மனையில் கரண்ட் கிடையாது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டரைக் கொண்டுவந்தால், அது போடும் சத்தத்தில் திருநகரே எழுந்து சண்டைக்கு வரும். அதனால் லாரி பேட்டரி இரண்டு வாங்கினார். ஒன்று பழங்காநத்தத்துக் கடையில் சார்ஜ் ஏறும்போது இன்னொன்று எங்கள் வேனில் ஓடும். பஸ் டிரைவர் தலைக்கு மேல் சுற்றுமே, அந்தச் சின்ன ஃபேனைப் பின்னால் ஒரு ஜன்னலில் மாட்டினார். அதற்கு வெளியே வெட்டிவேர்த் தட்டி. தட்டிமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஓட்டை போட்ட டின். அதுதான் எங்கள் ஏசி.

தியேட்டரில் படம் போடுமுன் கதவையெல்லாம் இழுத்துச் சாத்துவார்கள். நாங்களும் அப்படியே சாத்தினோம். போதாதென்று பழைய வேட்டியைக் கிழித்துச் சந்து பொந்தெல்லாம் அடைத்தோம். குளிர் ஒரு துளிகூட வெளியே போய்விடக் கூடாது பாருங்கள்.

முதலில் சிலுசிலுவென்றுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தகரத்தில் தண்ணீர் வழிந்தது, பாய் நசநசத்தது, வேர்வை காயவே இல்லை. இட்லிச் சட்டிக்குள் படுத்திருந்தோம், வெட்டிவேர் வாசனையோடு. தினமும் இதே கதை. எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஒரு ராத்திரி அவர் மெதுவாகச் சொன்னார், "நீ வேணா ஊருக்குப் போயிரு. பிள்ளைக்காகத்தான் சொல்றேன்."

வந்ததே கோபம். அய்யா சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இவர் வாயிலிருந்து வந்ததைத் தாங்க முடியவில்லை. காலால் முன்பக்கத்துக் கதவை ஓங்கி உதைத்தேன். அடைத்திருந்த துணியோடு அது ரோட்டைப் பார்க்கத் திறந்துகொண்டது.

திறந்த மறுகணம் காற்று வந்தது. தட்டிக்குள் புகுந்து, என் வயிற்றைத் தடவிக்கொண்டு, கதவு வழியே வெளியே போனது. ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும் என்று பிறகு அவர் சயின்ஸ் சொன்னார். ஆமாம், கதவு திறந்த பிறகு யார்தான் சொல்ல மாட்டார்கள்.

அன்றிலிருந்து கதவு திறந்தேதான் இருந்தது. கொசுவலைக்குப் பின்னால் நான் படுத்திருப்பது ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். தெரியட்டும். எங்களுக்கு வீடு தராத ஊர், நான் தூங்குவதைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

கத்திரி பாதிகூடத் தாண்டவில்லை, அய்யாவே வந்து நின்றார். பொழுது சாய்கிற நேரம். தண்ணீர்க் குடத்தோடு நின்ற என் கணவரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கெளம்பு தாயி. கடைசி பஸ்ஸைப் புடிக்கணும்."

"உள்ள வந்து உக்காந்து பேசுங்க அய்யா. வெளிய நின்னு கூப்பிட்டா நான் வரமாட்டேன்."

என் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். ஏறி வந்து எதிர்ப் பலகையில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். காற்றில் வேர்வை காய்ந்தது, பிறகு துடைக்க ஒன்றுமில்லை.

"கதவச் சாத்து. ரோட்டுல போறவன் வாரவன் எல்லாம் பாக்குறான்."

"பாக்கட்டும். சாத்துனா வெந்துருவோம்."

தட்டியைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். மாட்டுத்தாவணிச் சந்தையில் காளையை விலை பேசும்போதும் அவர் அப்படித்தான் பார்ப்பார். பஸ் நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் நினைவுபடுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். என் கணவர் தன் பாயை வெளியே மண்ணில் விரித்துக்கொண்டார்.

விடியும் சமயம் முகத்தில் வெக்கை தட்டி விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்குமுன் அய்யாவின் குரல் கேட்டது, வெளியே பார்த்து, தணிவாக.

"மாப்ள... மாப்ள, எந்திரிங்க. டின்னுல தண்ணி நின்னுபோச்சு. பிள்ளத்தாச்சி படுத்திருக்கால்ல."

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தேன். குடத்திலிருந்து டின்னுக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரண்டு பேரில் யார் ஊற்றினார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

ஆனியில் பிரசவத்துக்கு ஊருக்குப் போனோம், இரண்டு பேரும்தான். என் கணவர் அந்த வாசப்படியை மிதித்தபோது அவர் தோளில் பேட்டரி இருந்தது. ஃபேனை அய்யா தூக்கி வந்தார்.