கிளிப்பச்சைச் சாரம்

உள்ளறையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த சுடலைவடிவு, கையை எடுக்காமலே குரல் கொடுத்தாள்.

"ஏளா, என்ன நின்னுட்டு? மூட்டி முடிச்சிட்டியா?"

"நூலு அந்துட்டும்மா."

நூல் அறுந்திருக்கவில்லை. முத்துராணியின் கால்தான் பெடலில் அப்படியே நின்றுபோயிருந்தது. மடியில் கிடந்தது கிளிப்பச்சைத் துணி. அதில் கருநீலக் கட்டம். கட்டத்துக்குள் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கண் நிறைந்துவிடும். பிறகு எதைத் தைப்பது?

"சுருக்கா மூட்டு. சாயங்காலம் கோயில் கொடைக்குப் பந்தக்கால் நாட்டப் போவும்போது ஒங்கப்பாவுக்கு அதத்தான் கட்டணுமாம். காலையில இருந்து நாலு தடவ சொல்லியாச்சு."

மற்ற ஊர்களில் லுங்கி, கைலி என்பதைத் திருநெல்வேலிப் பக்கம் சாரம் என்பார்கள். இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பதற்குச் சாரம் மூட்டுவது என்று பெயர். அப்பாவுக்குச் சாரம் மூட்டிக் கொடுக்க அழுகிற மகள் சீவலப்பேரியில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முத்துராணிக்கு வயது இருபத்தொன்று. பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.காம். முடித்துவிட்டு, முடிவுக்காகக் காத்திருக்கும் கோடை இது. காலையில் ஆற்றில் ஒரு மணி நேரம் கிடப்பாள். வெயில் ஏறினால் வீட்டுக்குள் மெஷின், போன், நன்னாரி சர்பத். ஊர்ப் பெண்களுக்கு அவள்தான் இந்த வருஷத்து நாகரிகம். உடம்பில் ஒட்டாத தொளதொளக் குர்தா, பை வைத்த பாவாடை, கை இல்லாத சட்டைக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய கோட்டு என்று, டவுனில் வாங்கி வந்த கட்பீஸ் துணிகளில் அவள் தைத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு" என்று வந்து நிற்பார்கள்.

கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. மூன்று வருஷக் கல்லூரி அதற்குள்தான் இருக்கிறது. காய்ந்த மல்லிகை, பாதி எரிந்த பிறந்தநாள் மெழுகுவத்தி, ஆண்டு விழாவில் நெற்றியில் கட்டிய ரிப்பன், அப்புறம் கட்டுக் கட்டாக டவுன்பஸ் டிக்கெட்டுகள். பெண்களுக்கு இலவசமாகக் கிழித்துத் தருகிற அந்தச் சீட்டுகளை வேறு யாரும் ஐந்து நிமிஷம்கூட வைத்திருக்க மாட்டார்கள். முத்துராணியும் அவள் தோழி நஃபீஸத்தும் வைத்திருந்தார்கள். ஒருத்தி சீவலப்பேரியிலிருந்து வருவாள். இன்னொருத்தி மேலப்பாளையத்திலிருந்து வருவாள். கல்லூரி வாசலில் சந்தித்ததும் முதல் வேலையாக டிக்கெட்டை மாற்றிக்கொள்வார்கள். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கும். 'இன்று கண்டக்டர் சிரித்தார்.' 'டிபனில் இடியாப்பம், சண்டை போடாதே.' மூன்று வருஷம், ஒரு நாள் தவறவில்லை.

பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்திருந்தது ஒரு வெள்ளை ஷால். கடைசி நாளில் வகுப்பே மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போட்ட ஷால். நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். இடது தோளில் விழும் ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அளவு வெள்ளை. அது நஃபீஸத்துக்காக விட்ட இடம். நஃபீஸத் எழுதவில்லை!

நடந்தது இதுதான். கடைசி நாளன்று இருவரும் ஒரே மாதிரிக் கோடைக் கவுன் போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கடைத் துணி வேண்டாம் என்றாள் நஃபீஸத். அவள் சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, தறியில் சாரம் நெய்கிறவர். நிறத்தை அவளே சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து நெய்ய வைத்தாள். தனக்கு நாலு மீட்டர், முத்துராணிக்கு நாலு மீட்டர். உலகத்தில் அந்தத் துணி அவ்வளவுதான்.

முத்துராணி தன் பங்கை வீட்டில் வைத்துவிட்டு, சாத்தான்குளத்துச் சித்தி வீட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று நாள் போயிருந்தாள். அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். மேலப்பாளையத்துத் துணி, கட்டம் போட்டது, நாலு மீட்டர். கணக்காக இரண்டு சாரம்! தைப்பொங்கலுக்கு அவள் புருஷன் செந்தூர்பாண்டி நஃபீஸத் வீட்டுக்கு ஒரு மூடை பச்சரிசி கொடுத்து விட்டிருந்தாரே, அதற்குப் பதில் மரியாதை. வேறு என்னவாக இருக்க முடியும்? தனக்கு மெஷின் ஓட்டத் தெரியாது என்று, இரண்டாக வெட்டி, ஒன்றைப் பக்கத்து வீட்டில் மூட்டி வாங்கிக் கொடுத்தும் விட்டாள்.

மகள் திரும்பி வந்தபோது அவளுடைய கவுன் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தது. மிச்சத் துண்டைக் கொடைக்குக் கட்ட வேண்டும் என்று அப்பா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். தனக்கென்று ஒரு புதுத் துணி எடுத்து அறியாத மனிதர், டீக்கடையில் ஆள் ஆளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, "அப்பா, அது ஒங்களுக்கு இல்ல" என்று எந்த மகளால் சொல்ல முடியும்?

கடைசி நாளன்று முத்துராணி பழைய சுடிதாரில் போனாள். வகுப்புக்குள் பர்தாவைக் கழற்றிய நஃபீஸத், கிளிப்பச்சைக் கவுனில் தனியாக நின்றாள்.

"ஏட்டி, சாரத்தச் சுத்திட்டு வந்துட்டா பாரு! வீட்டுல வாப்பா எதக் கட்டிட்டு நிக்காவ?"

ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. நஃபீஸத் முத்துராணியைப் பார்த்தாள். "ஒந் துணி எங்கட்டீ?"

அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவைக் காட்டிக் கொடுக்க முத்துராணிக்கு மனம் வரவில்லை. "தைக்க நேரமில்ல" என்று தலையைக் குனிந்தாள்.

அன்றோடு பேச்சு நின்றது. போனில் அழைத்தால் மணிகூட அடிப்பதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நஃபீஸத் ஷார்ஜாவுக்குப் போகிறாள், வாப்பாவிடம், குடும்பத்தோடு. அதையும் வேறு யாரோ சொல்லித்தான் இவளுக்குத் தெரியும்.

"அத்தை... முத்துராணி இருக்காளா?"

வாசலில் கேட்ட குரலில் முத்துராணி எழுந்த வேகத்தில், மடியில் கிடந்த துணி மெஷினுக்குப் பின்னால் சரிந்தது.

"யாரு, நபீசாவா? வா தாயி, வா! இந்த வெயில்லயா வருவாவ? ஏளா, ஒங் கூட்டாளி வந்திருக்கா பாரு!"

"இருக்க நேரமில்ல அத்தை. நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும். உம்மாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

உள்ளே வந்தவள் கட்டிலில் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். மூன்று வருஷத்துச் சீவலப்பேரி டிக்கெட்டுகள். பிறகு கிளிப்பச்சைக் கவுனை எடுத்தாள்.

"இந்தா. ஒஞ் சாமான். இதையும் நீயே வச்சுக்க. எனக்கு இது வேண்டாம்."

"எதுக்குட்டீ இப்பிடிப் பேசுத?"

"பெறவு எப்பிடிப் பேசணும்? அவளுவ சிரிச்சது எனக்குப் பெருசில்ல. நீ தலையக் குனிஞ்சிட்டு நின்ன பாத்தியா, அதான் எனக்குத் தாங்கல. சாரத் துணியப் போட வெக்கமா இருக்குன்னு முன்னாலயே சொல்லிருந்தா நானும் போட்டுருக்க மாட்டேன்லா? நேரமில்லன்னு பொய் சொல்லுத. ஒரே நாள்ல எனக்கு ரெண்டு சட்ட தச்சுக் குடுத்தவ நீ."

"நபீசா, நான் சொல்லுதத..."

வெளியே இருமல் சத்தம் கேட்டது. முத்துராணியின் வாய் தானாக மூடிக்கொண்டது.

செந்தூர்பாண்டி வயலிலிருந்து வந்துவிட்டார். முழங்கால் வரைக்கும் சேறு. மடித்துக் கட்டியிருந்தார். உள்ளறையில் வெளியூர்ப் பெண் நிற்பதைப் பார்த்ததும், மரியாதைக்காக மடிப்பை அவிழ்த்து விட்டார். கிளிப்பச்சையும் கருநீலமும் சிவப்புக் கோடுமாகச் சாரம் கணுக்கால் வரைக்கும் இறங்கி நின்றது.

நஃபீஸத் கண் கொட்டவில்லை.

"அடடே, வா தாயி! வாப்பா போன்ல பேசுனா நான் கேட்டதாச் சொல்லு. ஒரு மூட அரிசிக்கு இம்புட்டு மரியாதையா? இந்தக் கலர்ல சாரம் இந்தச் சுத்து வட்டாரத்துலயே எவன்ட்டயும் கெடையாது. டீக்கடையில ஒருத்தன் பாக்கியில்ல, வந்து தொட்டுப் பாக்கான். 'ஏலே, கையத் தொடச்சிட்டுத் தொடுலே'ன்னு சொல்லுதேன்!"

நஃபீஸத்தின் கண்கள் சாரத்திலிருந்து மெஷினுக்குப் பின்னால் பாதி மூட்டிக் கிடந்த துண்டுக்குப் போயின. அங்கிருந்து முத்துராணிக்கு வந்தன. முத்துராணி அப்பாவுக்குத் தெரியாமல் இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிராதட்டீ, சொல்லிராத!

ஒரு வார்த்தை போதும். அந்த மனிதர் இனி அந்தச் சாரத்தைத் தொட மாட்டார். இருபது நாளாகத் தனியாக அழுத நஃபீஸத், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்க யாருக்கும் கடன்பட்டவளும் இல்லை.

"மாமா" என்றாள் நஃபீஸத். "ஒங்களுக்கு எடுப்பா இருக்கும்னு நாந்தான் சாச்சாகிட்டக் கலர் சொன்னேன். சரியாத்தான் இருக்கு."

"பாத்தியா வடிவு! எனக்குன்னே நெய்ஞ்சிருக்காவ!" செந்தூர்பாண்டியின் முகம் பூரித்தது. அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். "அது என்ன தாயி, அதே துணி மாதிரி?"

"ஒங்களுக்கு நெய்ஞ்சது போக மிச்சம் மாமா. வீணாக்கக் கூடாதுன்னு கவுனாத் தச்சுட்டேன்."

"அதானே. எதையும் வீணாக்கப் பிடாது" என்று தலையாட்டிக்கொண்டே கால் கழுவப் போனார்.

மோர் கொண்டு வந்த சுடலைவடிவு அப்படியே நின்றிருந்தாள். கவுனைப் பார்த்தாள். கணவன் போகும் முதுகைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளர் சாய்ந்து கொஞ்சம் மோர் தரையில் சிந்தியது.

"நாலு மீட்டர்..." என்று முணுமுணுத்தாள். "எம் புத்தியில தீய வைக்க. ஏளா முத்துராணி..."

"அம்மா, பேசாதீங்க."

"நான் ஏன் பேசுதேன்? கொழம்பு பொங்குது" என்று டம்ளரை நஃபீஸத் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அடுப்படியிலிருந்து, முந்தானையை வாயில் வைத்து அமுக்கிச் சிரிக்கும் சத்தம் வந்தது.

அதுவரைக்கும் பொறுத்தவர்களால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இருவரும் கட்டிலில் விழுந்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். பாதி சிரிப்பு, பாதி அழுகை. எது யாருடையது என்று யார் கண்டது?

"சொல்லிருக்கலாம்லாட்டீ!"

"எப்பிடிச் சொல்ல? வீட்டுல வாப்பா எதக் கட்டிட்டு நிக்காவன்னு ஒன்ட்ட கேட்டாளுவ. எங்கப்பா நெசமாவே அதக் கட்டிட்டு நின்னாவ!"

மறுபடியும் தலையணை.

"ஏட்டி, ஆனா ஒண்ணு" என்றாள் நஃபீஸத், கண்ணைத் துடைத்தபடி. "என்னவிட மாமாவுக்குத்தான் அது பொருத்தமா இருக்கு."

அப்புறம் நேரம் பறந்தது. முத்துராணி கவுனைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. நஃபீஸத் பாதி மூட்டிய துண்டை ஷால் மாதிரி தோளில் சுற்றிக்கொண்டாள். கால் கழுவி வந்த செந்தூர்பாண்டியை இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். மூன்று பேரும் கிளிப்பச்சை. சுடலைவடிவு போனைத் தலைகீழாகப் பிடித்து, விரலை நடுவில் வைத்து, எப்படியோ ஒரு போட்டோ எடுத்தாள். நாற்பது பேர் சிரித்தது எங்கே போயிற்றோ தெரியவில்லை. இந்தச் சிரிப்புதான் இனி ஷார்ஜா வரைக்கும் போகும்.

தகரப் பெட்டி திறந்தது. வெள்ளை ஷால் விரிந்தது. உள்ளங்கை அளவு காலி இடத்தை நஃபீஸத் விரலால் தடவிப் பார்த்தாள்.

"வேற யாரையும் எழுத விடலயா?"

"ரெண்டு பேரு கேட்டாளுவ. அடிக்கப் போயிட்டேன்."

மார்க்கர் பாதி காய்ந்திருந்தது. ஊதி ஊதி எழுதினாள். 'சாரம் மாமாவுக்கு. கவுன் எனக்கு. நான் உனக்கு. — நபீசா.'

எழுதி முடித்துவிட்டு, மெஷின் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் தானே எடுத்துப் பைக்குள் வைத்தாள். முத்துராணி கழற்றிக் கொடுத்த கவுனையும் வாங்கி, மேலே மடித்து வைத்தாள்.

"வேண்டாம்னு சொன்ன?"

"அப்ப சொன்னேன். அங்க வெயில் இதவிட மோசமாம்லா" என்று சிரித்தாள். பிறகு கைப்பையின் ஓரத்தைத் துழாவி, கசங்கிய ஒரு சின்னச் சீட்டை எடுத்து நீட்டினாள். மத்தியானம் மேலப்பாளையத்தில் ஏறியபோது கிழித்துத் தந்த டிக்கெட். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "கோவத்துல ஒண்ணும் எழுதல. மாத்திக்க ஒன்ட்ட டிக்கெட் இல்ல, தெரியும். கடனா இருக்கட்டும். நான் வரும்போது குடு."

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. சுடலைவடிவு ஒரு தூக்குவாளியில் புளிக்குழம்பைக் கட்டிக் கொடுத்தாள். "சீக்கிரம் போ தாயி, பையப் பைய ஏறு" என்று ஒன்றுக்கொன்று சேராமல் சொன்னாள். நஃபீஸத் பர்தாவைச் சரிசெய்தபடி ஓடினாள். படியில் ஏறி நின்று கையை ஆட்டியது தெரிந்தது. அப்புறம் புழுதிதான் தெரிந்தது.

முத்துராணி வாசலிலேயே நின்றாள். அவள் மூடிய கையில் அந்தச் சின்னச் சீட்டு இருந்தது.

"போதும், உள்ள வாம்மா. காலு நாட்ட நேரமாச்சு, சாரத்த மூட்டிக் குடு" என்றார் செந்தூர்பாண்டி.

"இந்தா, ரெண்டு நிமிசம்ப்பா" என்று அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். தெருவில் நின்ற ஆடு ஒன்று குழம்பு வாசனைக்குப் படியேறி வந்தது. தன் புதுச் சாரத்தில் உரசிவிடப் போகிறதே என்று அதை விரட்டிவிட்டு, செந்தூர்பாண்டி கதவைச் சாத்தினார்.