‘சுத்தம்’ என்று சொல்லிவிட்டேன்

பாடுகிற அக்காவின் கால், டிரம்ஸோடு சேராமல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்ததைத்தான் முதலில் கவனித்தேன்.

ஆனால் சொல்லவில்லை. சித்தப்பா வத்தலக்குண்டுக்குக் கிளம்பும்போதே சொல்லியிருந்தார், "நீ ரெக்கார்டு மட்டும் பண்ணும்மா. பாட்டப் பத்திப் பேசுறது புரொடியூசர் சோலி."

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு ஸ்டுடியோவில் நான் தனியாக ஒரு பேண்டைப் பதிவு செய்தது இன்றுதான் முதல் முறை.

பாடி முடித்ததும் அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார், "எப்படிம்மா இருக்கு?"

துளி இரைச்சல் இல்லாமல் பதிவாகியிருந்தது. பேச வெட்கப்பட்டு மைக்கில் ஒரே வார்த்தையில் சொன்னேன், "சுத்தம்."

கிடார் அண்ணன் கிடாரைக் கழற்றிக் கீழே வைத்தார். பாட்டு தேறவில்லை என்று நான் நக்கலடித்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கிளம்பிவிடுவார்கள், சித்தப்பா இனி என்னைத் தனியாக விடமாட்டார் என்று பயந்துவிட்டேன்.

அக்கா டிரம்ஸ் அண்ணனிடம் திரும்பினார். "நான் சொன்னா கேக்கல. இப்ப அந்தப் புள்ளயே சொல்லிருச்சு பாரு." பிறகு என்னிடம், "எங்க இடிக்குதும்மா?"

"டிரம்ஸ் ரொம்ப வெரசா ஓடுதுக்கா. உங்க கால் தட்டுற வேகம் போதும்."

"கடைசி பஸ்ஸப் புடிக்கிற மாதிரில்ல அடிச்சிருக்கேன்" என்று டிரம்ஸ் அண்ணனே சிரித்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

நான் ‘சுத்தம்’ என்றது ரெக்கார்டிங்கைத்தான் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

மெதுவாக ஒருமுறை பாடி முடித்து, "இப்ப எப்படி?" என்று அக்கா கேட்டார்.

கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினேன்.