எலுமிச்சம்பழம் தடுக்கிய விமானம்

சுட்ட பிளேடால் தெர்மாகோலை அறுக்கும்போது எழும் புகை தொண்டையிலேயே தங்கிவிடும்; அந்தக் கோடை விடுமுறை முழுக்க, சேலையூரில் எங்கள் வீட்டு ரசத்தில்கூட அந்த வாடைதான். பிளஸ் டூ முடித்திருந்த அக்கா கூடத்தில் பாயை விரித்து, ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். எட்டாவது முடித்திருந்த எனக்கு "எடுபிடி" உத்தியோகம்.

இறக்கையிலும் மோட்டாரிலும் வராத சண்டை சக்கரத்தில் வந்தது. முதன்முதலில் பறக்கவிடுகிறவர்களுக்குச் சக்கரமே வேண்டாம், கையால் வீசிவிட்டு வயிற்றால் புல்லில் இறக்கிக்கொள்ளலாம் என்பது அக்காவின் கட்சி. பீர்க்கன்கரணை ஏரி வற்றிக் கிடந்த இடத்தில்தான் விடப்போகிறோம், அங்கே இருக்கிற வெடிப்பிலும் கோரையிலும் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்றாள். வேண்டுமானால் முன்னால் பெரிதாக இரண்டு, வாலில் குட்டியாக ஒன்று என்று கொஞ்சம் இறங்கியும் வந்தாள். சைக்கிள் தொடங்கி வாங்கிய வண்டிக்கெல்லாம் பூஜை போட்ட அப்பா கேட்பாரா? "சக்கரம் இல்லன்னா எலுமிச்சம்பழத்த எதுக்கடியில வெக்கறது? மேல போற பிளேனப் பாரு, மூக்குக்குக் கீழ ஒண்ணு, பின்னால ரெண்டு." நானும் அப்பா பக்கம் சாய்ந்தேன். சக்கரமில்லாத விமானத்தை வகுப்புப் பையன்கள் முன்னால் தூக்கிக்கொண்டு போக எனக்குக் கூச்சம்.

அந்தப் பையன்களை வீடு வீடாகப் போய் அழைத்தவனும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, வற்றிய ஏரிக்குள், அத்தனை பேரும் பார்க்க, அப்பா விமானத்தின் மூக்கில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மூன்று சக்கரத்துக்கும் பழம் வைத்தார். சக்கரத்தைவிடப் பழம் பெரிது. "வேணாம்ப்பா" என்றாள் அக்கா. "ஏத்தி நசுக்கணும்மா, அதான் வழக்கம்" என்றார் அப்பா. மோட்டார் உறுமியது, மூக்குச் சக்கரம் பழத்தின் மேல் ஏறப் பார்த்து, வழுக்கி மடங்க, விமானம் குப்புற விழுந்து மண்ணைக் கிளறியது. "டேய், இன்னாடா இது, பிளேன் எலுமிச்சம்பழம் தடுக்கி வுழுந்துச்சுடா!" என்று ஒருவன் கத்த, ஒரே சிரிப்பு.

எனக்கு மானமே போய்விட்டது. அப்பாவையும் அக்காவையும் அங்கேயே விட்டுவிட்டுக் கரையேறி ஓடி, தெருவில் நின்ற தண்ணீர் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஏரிப் பக்கம் பெருங்கூச்சல் கேட்டது. இன்னும் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டேன்.

எல்லாரும் திரும்பி வந்தபோது கூட்டத்தோடு கலந்துகொண்டேன்; பையன்கள் பேசியதை வைத்துத்தான் விஷயம் தெரிந்தது. அக்கா மூன்று சக்கரத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கையில் தூக்கி வீசியிருக்கிறாள். விமானம் ஏரியைச் சுற்றி வந்து, அவள் சொன்ன மாதிரியே வயிற்றால் இறங்கியிருக்கிறது. இரண்டாம் முறை காற்று இழுத்துக்கொண்டு போய்க் கருவேல முள்ளில் அடித்துச் சுக்குநூறாக்கிவிட்டதாம். அப்பா வியர்வையும் சிரிப்புமாக என் தோளைத் தட்டி, "பாத்தியாடா!" என்றார். "பாத்தேன்ப்பா" என்றேன்.

இன்று ஏரியைச் சுற்றிக் கம்பிவேலியும் நடைபாதையும் வந்துவிட்டன. கோடையில் உள்ளே இறங்கி ஓட யாரையும் விடுவதில்லை. அப்பாவும் இல்லை. கீழ்க்கட்டளையில் இருக்கும் அக்கா மட்டும் நான் போகும்போதெல்லாம் தன் பிள்ளைகளிடம் அந்தக் கதையை எடுப்பாள். "பிளேன் மேல போனப்ப உங்க மாமா கத்தினானே ஒரு கத்து, அது இன்னும் என் காதுல இருக்கு." அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள், யார் குரலையோ என் குரல் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தலை நிமிராது. "எப்படிப் பறந்துச்சு மாமா?" என்று சின்னவள் மடியில் ஏறிக்கொண்டு கேட்பாள். நான் கையைத் தூக்கி, அது சுற்றி வந்ததைக் காட்டுவேன்.