பால்தேத்தண்ணிக் கலர் கேட்டு வந்தவர்கள்

பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவளுக்கு, ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். கஹவத்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹார்ட்வெயார் கடையில், ஒன்பது வருடமாகக் கலர் மெஷினுக்கு முன்னால் நிற்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: கடுமையாகவும் வேண்டாம், வெளுப்பாகவும் வேண்டாம், பார்க்கக் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும். பிஸ்கட், தேன், பால் ஊற்றிய தேநீர் மாதிரியான பால்தேத்தண்ணி என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். கவுண்டருக்குப் பின்னால் நின்றே என்னைப்போலக் கால் வீங்கிப்போனவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

வீடியோ கோலில் ஒரு சுவர்

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற செல்வராஜ் அண்ணன் புது வீட்டு முன் ஹோலுக்குக் கலர் எடுக்க வந்தார். குவைத்தில் வீட்டு வேலை செய்து அந்த வீட்டைக் கட்டியது அவர் மனைவி. அதனால் கலரும் அவர்தான் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்து வீடியோ கோல் போட்டார். கடை வெளிச்சத்தில் காட்டிய கலர் அங்கே ரோஸாகத் தெரிந்தது. வாசலுக்குப் போய் வெயிலில் காட்டினால் மஞ்சளாகத் தெரிந்தது. அந்த அக்கா வேலை செய்கிற வீட்டு அடுக்களையில் நின்று சத்தம் வெளியே கேட்காமல் பேசினார்.

உதவி செய்கிறேன் என்று நான் வாயை விட்டேன். “உங்களுக்குப் பின்னால இருக்கிற சுவர் மாதிரியே ஒரு தேன் கலர் இருக்குக்கா. பாருங்க, நல்லாத்தானே இருக்கு?” அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அது மட்டும் வேணாங்க. அந்தச் சுவர நாலு வருசமா நான்தான் தொடைக்கிறேன்.”

மண்கட்டி

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற ஒரு அம்மா, சொப்பிங் பையிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். இதே நிறத்தில் கலக்க முடியுமா என்றார். அவர் குடியிருக்கிற லயம், தோட்டத்து வரிசை வீடு, மலைச்சரிவுக்குக் கீழே இருக்கிறது. மழை பிடித்தால் பின்சுவரை ஒட்டிச் சேறு இறங்குமாம். எத்தனை தடவை கழுவினாலும் இடுப்பளவுக்குக் கறை நிற்குமாம்.

கட்டியைக் கலர் அட்டையில் வைத்துப் பார்த்தேன். செங்கலுக்கும் தேனுக்கும் நடுவில், அழகான நிறம். வேறு யாராவது கேட்டிருந்தால் ஹோலுக்கு நானே அதைச் சிபாரிசு செய்திருப்பேன். கலக்கிக்கொண்டே, அங்கே இருப்பது ஆபத்தில்லையா என்று கேட்டேன்.

“போகச் சொல்லி ரெண்டு மழைக்காலம் ஆச்சு மிஸ். எங்க போறதுன்னு யாரும் சொல்லல்ல. அதுவரைக்கும் புள்ளைங்க கண்ணுக்கு அந்தக் கற படாம இருந்தா போதும்.”

திருப்பி எடுப்பதில்லை

புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு தம்பியும் பெண்ணும் இரண்டு கலருக்கு நடுவில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்து, கடைசியில் அந்தப் பெண்ணின் கலரில் மூன்று டின் எடுத்துப் போனார்கள். இரண்டு மாதம் கழித்துத் தம்பி மட்டும் வந்தார். கையில் திறக்காத இரண்டு டின். அந்தப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விட்டதாம், இனி வராதாம். கலந்த பெயின்ட்டை நாங்கள் திருப்பி எடுப்பதில்லை. சுவரில் போர்டே மாட்டியிருக்கிறது. தம்பி அதை வாசித்துவிட்டு, டின்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எங்கள் சேல்ஸ்மேன் பரீத் நானா அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த போர்ட நாம கல்யாண மண்டபத்துலதான் மாட்டியிருக்கணும் தங்கச்சி.”

தீப்பெட்டிக்குள் ஐந்து பூச்சு

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர் கடைப்படியைக் காலால் தேடித்தான் ஏறினார். மனைவி இறந்து மூன்று மாதம். ஹோலுக்குத் திரும்பவும் பெயின்ட் அடிக்க வேண்டுமாம், அதே கலரில். சுவரிலிருந்து பெயர்த்த ஒரு செதிலைத் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். “இருபது வருசமா இதே கலர்தாம்மா. அவதான் ஒவ்வொரு தடவையும் வந்து வாங்குவா. ஒரு சொட்டும் மாறக் கூடாது.”

செதிலை வாசலுக்குக் கொண்டுபோய் ஓரத்தைப் பார்த்தேன். ஐந்து பூச்சு இருந்தது. அடியில் நல்ல கடும் தேன் கலர். அடுத்தது அதைவிட வெளுப்பு. அதற்கடுத்தது இன்னும் வெளுப்பு. மேல் பூச்சு கிட்டத்தட்டப் பால். சொல்லாமல் விட்டிருப்பேன், ஆனால் எந்தப் பூச்சைக் கலப்பது என்று கேட்டுத்தானே ஆக வேண்டும். சொன்னேன்.

ஐயா செதிலை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தடித்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், போட்டுக்கொண்டார், திரும்பவும் கழற்றினார்.

“ஹோல் இருட்டவே இல்லையே, கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். மேல இருக்கிறதவிட இன்னுங் கொஞ்சம் வெளுப்பாக் கலந்து குடுங்கம்மா.”

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, கட்டி ஏழு வருடமான என் வீட்டுச் சுவர் இன்னும் வெறும் சிமெந்தாகவே நிற்கிறது. யாராவது கேட்டால், கலர் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவைக்கிறேன்.